குட்டி எஞ்சினுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

எனக்கு எண்பத்தொன்பது வயது ஆகிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. ஏழில் ஒன்றைக்கூட அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க விட்டதில்லை. பொய் சொல்லவும் விட்டதில்லை. பொய் சொன்னால் வாயிலேயே போடுவேன். அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை.

எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்குமேல் கிடையாது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். வாயால் பேசுகிற மாதிரி எழுதாதே, அச்சில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவள் என்றால் எழுத்தும் கிழிசலாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். தலை நரைத்தவர், தோளில் பை. வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிய சிறு ரயில் எஞ்சின்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். அதிலும் ஒரே ஒரு வகை எஞ்சினைப் பற்றி மட்டும். அந்த வகையில் எத்தனை செய்தார்கள், எந்தெந்த ஊரில் ஓடின, கடைசியில் என்ன ஆயின என்று பிள்ளைகளின் ஜாதகம் போலச் சேர்த்து வைத்திருந்தார். அதில் மூன்று எங்கள் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் ஓடியிருக்கின்றன. அவற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு, என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் தன் காகிதத்திலிருந்து எனக்கும் கொஞ்சம் படித்துக் காட்டினார். மூன்றில் ஒன்று, ஓட்டுநர் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டதால் கெட்டுப்போனது என்று அதில் இருந்தது. பழைய ஆபீஸ் காகிதத்தில் கண்டதாம், புத்தகத்தில் அப்படியே போடப்போகிறாராம்.

நான் மோர் கொடுத்து அனுப்பி வைத்தேன். அவர் போன பிறகு நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இவளை உட்கார வைத்திருக்கிறேன். அந்த ஓட்டுநர் தண்ணீரைக் கவனித்தார். கவனிக்காமல் விட்டது எதுவும் இல்லை. கெடுத்தவள் நான்.

எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

சண்டைக் காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்திலிருந்து சனங்கள் ஊர்ப்பக்கம் ஓடி வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம். எனக்குப் பதினேழு வயது இருக்கும். எங்கள் ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டினார்கள். கல்லை உடைத்தால் உள்ளே சிப்பியும் நத்தையும் அப்படியே கல்லாய் இருக்கும். வெட்டிய கல்லை அரியலூர் ஸ்டேஷனில் பெரிய ரயிலில் ஏற்றுவதற்காக இரண்டடி அகலத்தில் ஒரு தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதில் இரும்புத் தொட்டி வைத்த டிராலிகளை இழுக்கத்தான் அந்தக் குட்டி எஞ்சின்கள்.

குட்டி என்றால் உண்மையிலேயே குட்டிதான். பக்கத்தில் நின்றால் அதன் புகைபோக்கி என் தலைக்குமேல் ஒரு முழம் இருக்கும், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி தனியாக இல்லை. கழுதைமேல் பொதி வைத்த மாதிரி பாய்லரின் முதுகிலேயே இரண்டு பக்கமும் கவிழ்ந்திருக்கும். மூன்றும் ஒரே அச்சு. பக்கத்தில் பித்தளைத் தகட்டில் எண் பொறித்திருக்கும். அது இல்லாவிட்டால் எது எது என்று பெற்றவனுக்கே தெரியாது.

மூன்றில் ஒன்றை உதிரி சாமானுக்காகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒன்று குழிக்குள்ளேயே ஓடும். மற்றொன்று ஸ்டேஷன் வரைக்கும் போய்வரும். ஸ்டேஷன் எஞ்சினை ஓட்டியவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், முஸ்லிம். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எஞ்சின்களின் கதையை எனக்குச் சொன்னவர் அவர்தான். சீமையில் முந்தின சண்டையின்போது, குழி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பட்டாளத்துக்குச் சோறும் குண்டும் கொண்டுபோகச் செய்த வகையாம். சண்டை முடிந்ததும் வேலையில்லாமல் போய், கூறு கட்டி விற்றிருக்கிறார்கள். சில கரும்புத் தோட்டத்துக்கு, சில மலைக்கு. இந்த மூன்றும் கப்பலேறி வந்து, எங்கேயோ ஓர் அணைக்கட்டு வேலையில் மண் சுமந்து, அணை முடிந்த பிறகு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன.

"எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சிங்க மூணு பேரு. அல்லா புண்ணியத்துல கரையேத்திட்டேன்," என்பார். "இவளுங்க மூணு பேர எவன் கட்டிக்கிட்டுப் போவான்னுதான் தெரியல."

கல் சுமக்கிற பெண்களில் ஒருத்தி உடனே சொல்வாள், "நீங்களே கட்டிக்கிட்டாப் போச்சு பாயி. ஒங்க மார்க்கத்துலதான் தோது இருக்குல்ல."

"ஒருத்திக்கே தண்ணி காட்ட முடியல, போங்கம்மா."

தண்ணீர் காட்டுகிற வேலை என்னுடையது. அது முதலில் என் அப்பாவின் வேலை. பீப்பாய் வைத்த மாட்டுவண்டியில் எங்கள் ஊர் ஏரியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஸ்டேஷன் எஞ்சினுக்கு ஊற்ற வேண்டும். குழி எஞ்சினுக்கு வேறு வண்டி. அப்பாவுக்குக் கால் விழுந்து படுத்த பிறகு, நான் ஓட்டுகிறேன் என்று வண்டியேறினேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாட்டுவண்டி ஓட்டிய பொம்பளை அப்போது நான் ஒருத்திதான். எதிரே வருகிறவர்கள் வழிவிட்டு நின்று பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய்.

குழியில் ஓர் ஓவர்சியர் இருந்தார். அவருக்கு மட்டும் நான் வண்டியோட்டுவது ஆகாது. "ஒரு நாளு லேட்டாச்சுன்னா ஆம்பள வண்டிக்கு மாத்திடுவேன், பாத்துக்க. பொம்பள ஓட்டுற வண்டி எத்தன நாளைக்கு," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு நாளும் நான் நேரம் தவறவில்லை. நாளைக்கு நாலு நடை. ஏரி ஒன்றரை மைல்.

குழியிலேயே தண்ணீர் இல்லையா என்றால், இருந்தது. கல் வெட்டி விட்ட பழைய பள்ளத்தில் ஊற்று எடுத்து, கோடையிலும் வற்றாமல், அடியில் கிடக்கிற சிப்பிக்கல் தெரிகிற மாதிரி தெளிவாக நிற்கும். எஞ்சின் நிற்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரம். நாங்கள் எல்லோரும் அதைத்தான் குடித்தோம். ஏரித் தண்ணீரோ பழுப்பாக, செம்மண் கரைந்து கிடக்கும். முதல் வாரமே நான் பாயிடம் கேட்டேன், நல்ல தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதற்கு இந்தச் சேற்றுத் தண்ணீருக்கு மாட்டை அடிக்கிறீர்கள் என்று.

"ஒங்க வூட்டு வெந்நிப் பானைய உள்ள கைய வுட்டுத் தடவிப் பாத்திருக்கியா தங்கச்சி?" என்றார்.

"ஏன் தடவணும்? வெள்ளையாப் பொருக்குத் தட்டிக் கெடக்கும்."

"அதான். அது சுண்ணாம்புத் தண்ணி. பானைன்னா ஒடச்சுப் போட்டுட்டு வேற வாங்கலாம். இவ வயித்துல அது ஏறிச்சுன்னா என்னா பண்றது? ஏரித் தண்ணி மழத் தண்ணி. சேறு எனக்குப் பெரிசில்ல, துணியில வடிஞ்சிரும்."

தொட்டி வாயில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கட்டியிருப்பார். நான் ஊற்ற ஊற்றச் சேறு துணியில் தங்கும். அதை உதறிவிட்டு மறுபடி கட்டுவார். துணியில் சேறு நின்றால் அவருக்குத் திருப்தி.

அந்தப் பங்குனியில் என் செவலைக் காளைக்குக் குளம்பில் கல் குத்திக்கொண்டது. நடக்கும், பாரம் இழுக்காது. இரண்டு நடை போய்வருவதற்குள் பொழுது ஏறிவிட்டது. காளைக்கு முடியவில்லை, பத்து நாள் தவணை கொடுங்கள் என்று ஓவர்சியரிடம் போய் நின்றிருக்கலாம். பாயிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பொம்பளை வண்டி நின்றுவிட்டது என்று குழி முழுக்கச் சிரிக்கும். நான் கேட்கவில்லை. பள்ளத்துக்கு ஒதுக்குப்புறமாக வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய் அங்கே பீப்பாயை நிரப்பினேன்.

பீப்பாய்க்குள் பார்த்தால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. துணியில் ஊற்றினால் ஒன்றும் நிற்காது, பாய் கண்டுபிடித்துவிடுவார். அன்று சக்கரத்தில் ஒட்டியிருந்த ஏரிச் சேற்றைச் சுரண்டிக் கரைத்து ஒப்பேற்றினேன். மறுநாள் ஏரிக்கரையிலிருந்து ஒரு கூடை களிமண் வெட்டி வண்டியில் போட்டுக்கொண்டேன். பீப்பாய்க்கு இரண்டு கை மண் கரைத்துவிட்டேன். தண்ணீர் ஏரித் தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. துணியில் சேறு நின்றது. பாய் உதறினார், கட்டினார்.

"இன்னிக்கு வெரசா வந்துட்டியே," என்றார்.

"மாடு நடந்துச்சு, வந்தேன்," என்றேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. தெரியாதவள் மண்ணைக் கரைக்க மாட்டாள். ஆனால் அவர் சொன்னதை நான் முழுதாக நம்பவும் இல்லை. நாங்கள் குடிக்கிறோம், மாடு குடிக்கிறது, இரும்புக்கு மட்டும் என்ன வந்துவிடும் என்று இருந்தேன். தண்ணீரைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா என்ற எண்ணம் வேறு.

பத்து நாளில் காளை தேறிவிட்டது. அதற்குப் பிறகும் நான் ஏரிக்குப் போகவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. காளையைச் சாக்குச் சொல்ல முடிந்தது பத்து நாளைக்குத்தான். பிறகு ஆனி வரைக்கும், ஏறக்குறைய மூன்று மாதம், சும்மா சுகத்துக்காகச் செய்தேன். அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்ச நேரம் கிடைத்தது, நடை முடிந்து வேப்பமர நிழலில் படுக்க நேரம் கிடைத்தது. களிமண் கூடை மட்டும் தவறாமல் வரும்.

பாய்லரை வாரம் ஒருநாள் திறந்து கழுவுவது வழக்கம். கழுவியிருந்தால் பாய் பார்த்திருப்பார். ஆனால் அந்த வருஷம் சிமெண்டுக்கு அவசரம், எஞ்சினை நிறுத்தக் கூடாது என்று ஓவர்சியர் கழுவ நாள் கொடுக்கவில்லை. பாய் இரண்டு தடவை கேட்டு, "ஏரித் தண்ணிதான ஊத்துறோம், கொஞ்ச நாளு தாங்கும்," என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டது என் காதில் விழுந்தது. அப்போதாவது எனக்குத் திக்கென்று இருந்திருக்க வேண்டும். இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு களிமண் வெட்டத்தான் போனேன்.

ஒரு காலை நேரம். குழியிலிருந்து மேட்டுக்கு ஏறுகிற சரிவில் கல் நிரம்பிய டிராலிகளோடு எஞ்சின் ஏறிக்கொண்டிருந்தது. நான் மேட்டில் வண்டியோடு நின்றேன். திடீரென்று பெரிய சீறல் கேட்டது. எஞ்சினின் அடுப்புக் கதவு வழியாகப் புகையும் ஆவியும் சாம்பலும் பிய்த்துக்கொண்டு வந்தன. எஞ்சின் நின்றது, பிறகு பின்பக்கமாக நகரப் பார்த்தது. கீழே சரிவில் பெண்கள் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். பாய் குதிக்கவில்லை. அந்த ஆவிக்குள்ளேயே உட்கார்ந்து கைப்பிரேக்கைத் திருகி, திருகி, அது பிடித்து நின்ற பிறகுதான் இறங்கினார். வலது முழங்கைவரை தோல் வழன்றிருந்தது.

அடுப்பின் மேல்கூரையில் ஓர் ஈயத் திருகு வைத்திருப்பார்கள். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அது உருகி, ஆவி அடுப்புக்குள் பாய்ந்து நெருப்பை அணைத்துவிடும். பாய்லர் வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அன்று அதுதான் உருகியிருந்தது. ஈயம் உருகியது என்றால் டிரைவர் தண்ணீரைப் பார்க்காமல் விட்டான் என்றுதான் அர்த்தம். டிரைவர்களுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. மாடு மேய்க்கப் போனவன் மாட்டைத் தொலைத்துவிட்டு வந்த மாதிரி.

மூன்றாம் நாள் விசாரணை வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஓவர்சியர் பக்கத்தில் நின்றார். பாய் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். தண்ணீர் அளவைக் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டார்கள்.

"பாதிக்கு மேல இருந்துச்சு சார். சரிவு ஏறுறதுக்கு முன்னாடி பாத்தேன்."

"தண்ணி இருந்தா ஈயம் எப்படிய்யா உருகும்?" என்றார் ஓவர்சியர்.

"அதான் எனக்கும் வெளங்கல சார்."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எங்கே தண்ணீர் எடுக்கிறாய் என்று இன்ஜினியர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரிவில் ஏறிக்கொண்டிருந்த பெண்களும் அங்கே நின்றார்கள்.

"ஏரியிலதாங்க," என்றேன்.

"நெசமா?"

நான் மறுபடி பொய் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. பாய் முந்திக்கொண்டார். "அந்தப் புள்ள மேல தப்பு இல்ல சார். தெனம் நாந்தான் வடிகட்டுறேன். துணியில ஏரிச் சேறு நிக்கிது, நானே கண்ணால பாத்திருக்கேன்."

அவ்வளவுதான். தன் கழுத்தில் கயிற்றை அவரே மாட்டிக்கொண்டார். மாட்டக் கொடுத்தவள் பக்கத்தில் நின்றேன். பாய்லரைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திறந்தால், கழுவ நாள் கொடுக்காத கதையும் வெளியே வரும் என்று ஓவர்சியர் திறக்கவிடவில்லை. எஞ்சினைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். பாயை அன்றே அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் வண்டியைத் தாண்டித்தான் போனார். "வரேன் தங்கச்சி. மாட்டுக்கு லாடம் தேஞ்சிருக்கு, பாரு," என்றார்.

மறுநாளிலிருந்து நான் ஏரிக்குப் போனேன். யாருக்கு என்ன லாபம்.

வெள்ளைக்காரன் போன பிறகு குழிக்கு லாரி வந்துவிட்டது. எஞ்சின்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி, இடுப்பில் மூத்தவன். வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அந்த ஸ்டேஷன் எஞ்சினின் வயிற்றைப் பிளந்து போட்டிருந்தார்கள். உள்ளே, அடுப்புக் கூரைமேல், ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு. வெட்டுகிற ஆள் உளியால் ஒரு தட்டுத் தட்டினான், ஓடு மாதிரிப் பெயர்ந்து விழுந்தது.

"எந்தப் பாவி இப்படித் தண்ணி ஊத்துனான்னு தெரியல," என்றான் அவன். "இவ்வளவு பொருக்கு இருந்தா மேல தண்ணி நின்னாலும் சூட்ட வாங்காதும்மா. இரும்பு தனியாக் காயும். ஈயம் என்னா, எல்லாம் உருகும்."

அதுவரைக்கும் என் மனதில் ஒரு மூலை இருந்தது. ஒருவேளை அவர் பார்க்காமல் விட்டிருக்கலாம், ஒருவேளை என் தண்ணீர் காரணமில்லை என்று அங்கே போய் ஒண்டிக்கொள்வேன். அன்றைக்கு அந்த மூலையும் போய்விட்டது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, குன்னத்தில் என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குத் துணி எடுக்க லப்பைக்குடிக்காட்டுக்குப் போனோம். கடைத்தெருவில் ஒரு தானிய மண்டி. அங்கே மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். தாடி நரைத்திருந்தது, வலது கை வழவழவென்று வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அட, தண்ணிக்காரத் தங்கச்சி. வா வா. புள்ளயா? மாஷா அல்லா. அத்தா நல்லா இருக்காங்களா?"

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். வருத்தப்பட்டார். டீ வரவழைத்தார். நான் அவர் எடைபோடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தராசில் மூட்டையை வைத்து முள்ளைப் பார்ப்பார். குனிந்து இன்னொரு தடவை பார்ப்பார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு, "மச்சான், நீங்க ஒருவாட்டி பாத்துருங்க," என்பார். ஒவ்வொரு மூட்டைக்கும் அப்படித்தான்.

கடைக்காரர் என்னிடம் சிரித்தார். "ஏம்மா, நீங்க அரியலூருப் பக்கமா? மச்சான் அங்க எஞ்சினுக்குத் தண்ணி இருக்கா இல்லியான்னு பாக்கச் சொன்னா, பாக்காம எரிச்சுட்டு வந்தவரு. அதான் இப்ப எல்லாத்தையும் மூணு தடவ பாக்குறாரு."

பாயும் சேர்ந்து சிரித்தார். கடைக்காரர் உள்ளே போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மொதல்ல எல்லாம் அடிச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தேன், தண்ணி இருந்துச்சுன்னு. இப்ப எனக்கே நிச்சயம் இல்ல. நா பாத்தது மொத நாளு பாத்ததோ என்னமோ. கண்ணு ஏமாத்திருச்சு போல. விடு, என் நசீபு அப்படி எழுதியிருக்கு."

நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. வேலை போனால் வேறு வேலை. அவருடைய கண்ணை அவரே நம்ப முடியாமல் செய்துவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை போதும். நீங்கள் பார்த்தது சரி, தண்ணீர் இருந்தது, தப்பு என்னுடையது. டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளை சிணுங்கினான். வாசலில் என் மாமியார் துணிமூட்டையோடு நின்று, "எவ்வளவு நேரம்?" என்றாள். டீயைக் குடித்தேன். வரேன் பாய் என்றேன். வந்துவிட்டேன்.

பிறகு எத்தனையோ தடவை அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கினதில்லை. யாரிடமும் தலைகுனிந்து நின்று எனக்குப் பழக்கம் கிடையாது. பழகியிருக்க வேண்டும். அவர் மவுத்தாகி முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று கேள்வி. அவரிடம் சொல்ல இனி வழியில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கேதான் கடை வைத்திருக்கிறார்கள், பாதிப்பேர் துபாயில் இருக்கிறார்கள் என்கிறார்கள். நம் தாத்தா அசந்துபோய் எஞ்சினை எரித்தவர் என்றுதான் அவர்களுக்கும் சொல்லியிருப்பார்கள். இப்போது புத்தகமும் வந்து அதற்கு முத்திரை குத்தப்போகிறது.

அது கூடாது. இந்தக் காகிதத்தில் ஒரு படி சென்னைக்காரருக்குப் போக வேண்டும். ஒரு படி லப்பைக்குடிக்காட்டுக்கு. தபாலில் வேண்டாம், இந்தத் தடவை நான் இறங்குகிறேன், நீ கையைப் பிடித்துக்கொள். அவர்கள் ஏசினால் ஏசட்டும். எனக்காக நீ ஒரு வார்த்தையும் பரிந்து பேசக் கூடாது.

இப்போது இதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. நான் களிமண் கரைத்த இடத்தில் நீ எனக்காக எதையும் மெழுகி எழுதியிருக்கிறாயா என்று பார்க்க வேண்டும். மெதுவாகப் படி.